டிரம்பெட்டுக்குச் சந்தனப் பொட்டு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பன்னிரண்டு வருடம் பெங்களூர் பீன்யாவில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஊரிலுள்ள மெஷினையெல்லாம் பிரித்து மாட்டிய நான், ஒரு டிரம்பெட்டின் மூன்று பொத்தான்களுக்கும் கட்டைவிரலால் தாராளமாகச் சந்தனம் அப்பி, அதற்கு மேல் குங்குமமும் வைத்தவன். ஏதோ அவசரத்தில் செய்ததில்லை. தலைக்குக் குளித்து, துவைத்த பனியன் போட்டுக்கொண்டு, பக்தியோடு செய்தேன். நகர்கிற பாகம் எது, நகராத பாகம் எது என்று பார்த்துத்தான் மெஷினில் கைவைக்க வேண்டும் என்று வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த ஆளும் நானேதான்.

அந்த டிரம்பெட் என்னுடையதும் இல்லை. மாமனாருடையது.

மாமனார் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். வாரம் முழுக்கப் பூமிக்கடியில் மூச்சை மிச்சம் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக டிரம்பெட்டில் விட்டுவிடுவார் போலிருக்கிறது. பேச்சுக்கென்று ஒரு மூச்சும் ஒதுக்கமாட்டார். முன்பல் போய்ப் பல்செட் கட்டிய பிறகு அவரால் ஊத முடியவில்லை. ஊதினால் சத்தத்துக்கு முன்னால் பல்செட் வெளியே வந்தது. டிரம்பெட்டைப் பெட்டியில் போட்டு மூடினார். யாருக்குக் கொடுப்பது என்று கேள்வி வந்தது.

அவருக்கு இரண்டு மாப்பிள்ளைகள். மூத்தவர், என் சகலை, பங்காருப்பேட்டையில் ரயில்வே வேலை. அங்கே பேண்டில் வாசிப்பவர். கைக்குட்டையை நாலாக மடித்து வைப்பவர். குடையை நனைந்த அன்றே காயவைத்து மடிப்பவர். இளையவன் நான். என் குடை எந்த பஸ்ஸில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஆனாலும் மாமனாரின் செல்ல மகள் என் வீட்டில் இருந்தாள். அவள் கேட்டதால் டிரம்பெட் நீலசந்திராவிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தது. கொடுக்கும்போது மாமனார் பேசியது இவ்வளவுதான்:

"நல்லா வெச்சிக்கினா உங்களுது. இல்லாங்காட்டி பெரிய மாப்ளைக்கு."

பெட்டிக்குள் ஒரு மஞ்சள் துணி, வால்வுக்கு விடுகிற எண்ணெய் ஒரு சின்ன பாட்டில், வளைகுழாய்களுக்குத் தடவுகிற கிரீஸ் ஒரு டப்பி எல்லாம் வைத்துக் கொடுத்திருந்தார். இரண்டு வருடம் நான் செய்த பராமரிப்பு என்னவென்றால், ஊதி முடித்ததும் லுங்கியில் ஒரு துடை துடைத்துப் பெட்டியில் வைப்பது. எண்ணெய் பாட்டிலின் சீல்கூட உடையவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம், எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் தெரு பேண்ட் செட்டில் நான் இரண்டாவது டிரம்பெட். முதல் டிரம்பெட்காரர் ஏணி ஏறும்போது கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்கிற வேலை அது. அந்த வருடம் அவர் குழந்தைக்குக் காது குத்த ஆம்பூருக்குக் கிளம்பிவிட்டார். விஜயதசமி சாயங்காலம் எங்கள் தெரு அம்மன் ஊர்வலம். அம்மன் வாசலைத் தாண்டும்போது வாசிக்கிற முதல் உருப்படி என் தலையில் விழுந்தது. என் மனைவி பெருமை தாங்காமல் அப்பாவுக்குக் கார்டு போட்டாள். பதில் வந்தது. "விஜயதசமிக்கு வருகிறேன். டிரம்பெட்டைப் பார்க்க வேண்டும்."

"பாரு, மாமா என் வாசிப்பக் கேக்க வராரு" என்றேன்.

"நீங்க வேற. அப்பா செக்கிங் வராரு" என்றாள் அவள்.

செக்கிங் என்றதும் எனக்குத் தெரிந்த ஒரே வழி ஆயுத பூஜை. வருடம் முழுக்க எங்கள் பட்டறையில் எண்ணெயும் இரும்புத் தூளுமாகக் கிடக்கிற மெஷினெல்லாம் அன்று ஒருநாள் மாப்பிள்ளை போல நிற்கும். கெரசின் போட்டுத் துடைத்து, மாலை போட்டு, லேத்திலிருந்து டீக் கெட்டில் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். மாமனார் வருவதற்கு முந்தின நாளே ஆயுத பூஜை. டிரம்பெட்டும் அந்த வரிசையில் நிற்கட்டும், சாமியே பார்த்துக்கொள்ளும் என்று பீன்யாவுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

எங்கள் வெல்டர் தும்கூர் பக்கத்துக்காரர், கன்னடம் கலந்து பேசி யாரையும் 'குரு' என்றே கூப்பிடுவார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பூசணிக்காயைக் கீழே வைத்தார்.

"ஏன் குரு, இதுக்கும் பூஜையா? இதுல இன்னா ப்ரொடக்‌ஷன் வருது?"

"சத்தம் வருதில்ல?"

"அது ஒன் வாயிலயே வருதே. வாய்க்குப் பொட்டு வெச்சிக்கோ, சாகு, அது போதும்."

நான் கண்டுகொள்ளவில்லை. லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு, துணி விரித்து, டிரம்பெட்டை நிறுத்திவைத்தேன். அதன் அகன்ற வாயில் சாமந்திப் பூ செருகினேன். பொட்டு எங்கே வைப்பது என்று பார்த்தால், மேலே மூன்று பொத்தான்கள் வட்டமாக, வழவழவென்று, இதற்காகவே செய்ததுபோல வரிசையாக நின்றன. சந்தனத்தைக் கரைத்தவனும் நானே. பன்னீர் கொஞ்சம் கூடிப்போய்ப் பாயசம் போல இருந்தது. சந்தனமும் குங்குமமுமாக வைத்த பொட்டு வழிந்தது. வழிந்ததால் இன்னொரு பொட்டு வைத்தேன். அதுவும் எங்கோ போய்விட்டது. எங்கே போகிறது என்று யோசிக்க ஃபிட்டருக்குத் தோன்றவில்லை. மூன்றாவது தடவை வைத்ததுதான் நின்றது.

பூஜையில் வைத்த எதையும் மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது என்பது எங்கள் பட்டறை வழக்கம். டிரம்பெட்டை ஸ்டூலிலேயே விட்டுவிட்டு, பொரி கடலையோடு வீட்டுக்கு வந்தேன். சந்தனத்துக்கு ஒரு முழு ராத்திரி கிடைத்தது.

விஜயதசமி காலையில் மறுபூஜைக்குப் போனேன். கற்பூரம் காட்டி முடித்ததும் ஆளுக்கொரு மெஷினை ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும். லேத் ஓடியது. டிரில்லிங் மெஷின் ஓடியது. ஓனர் ஸ்கூட்டரை உதைத்து ஓட்டி நிறுத்தினார். என் முறைக்கு நானும் டிரம்பெட்டை எடுத்து வாயில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். இறங்கவில்லை. இரண்டாவதை அழுத்தினேன். மூன்றாவதையும் அழுத்தினேன். மூன்றும் சிமெண்டில் நட்ட கம்பி மாதிரி நின்றன.

"ஸ்டார்ட் ஆகல்லியா குரு?" என்றார் வெல்டர். "தள்ளி உடட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பட்டறையே சிரிக்கும்போது ஒருவன் மட்டும் அழுவது நன்றாயிருக்காது. அப்புறம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வைஸில் பிடித்து முறுக்கலாம் என்றார் ஒருவர். கேஸ் டார்ச்சில் சூடு காட்டலாம் என்றார் வெல்டர். அவருக்கு எந்த வியாதிக்கும் அதுதான் மருந்து. நான் ஃபிட்டர் புத்தியோடு அரை பாட்டில் கெரசினும் ஒரு ஸ்பானரும் எடுத்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நீலசந்திரா வந்து சேரும் வரையில் இரண்டு பஸ்ஸிலும் உட்கார்ந்து அந்தப் பொத்தான்களை அழுத்திக்கொண்டே வந்தேன். சகலையின் நாலாக மடித்த கைக்குட்டை கண்முன்னால் வந்துகொண்டே இருந்தது.

வீட்டில் மனைவி வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அங்கேயுள்ள கண்ணாடிக் குழாய்களையெல்லாம் கழுவிக் காயவைப்பவள் அவள்தான். அவள் பார்வை முதலில் என் பையின்மேல் போனது.

"அது இன்னா பாட்டில்?"

"கெரசின். ஒரு முக்கு முக்குனா லூசாயிடும்."

"எத முக்கப் போறீங்க?"

பெட்டியைத் திறந்து காட்டினேன். அவள் மூன்று பொட்டுகளையும் பார்த்தாள். பெட்டியில் சீல் உடையாமல் கிடந்த எண்ணெய் பாட்டிலையும் பார்த்தாள். அப்பா மகள்தானே.

"வாய் வெச்சு ஊதற சாமானுக்குக் கெரசினா? சாயங்காலம் சாமிக்கு முன்னாடி நின்னு ஊதப் போறீங்க. பக்கத்துல சூடம் கொளுத்துவாங்க. அம்மனுக்கு முன்னாடி நீங்க ஜோதி ஆயிடுவீங்க."

"அப்ப புளி போட்டுத் தேய்க்கலாமா?"

"அது குத்துவிளக்கா? மேல பூசியிருக்கற பாலிஷ் போயிடும். அந்த ஸ்பானரையும் கீழ வைங்க. கொழந்த டப்ப எடுத்துக்கினு வாங்க."

எங்கள் மகள் குளித்து வளர்ந்த நீல பிளாஸ்டிக் டப் கட்டிலுக்கடியில் கிடந்தது. அவள் அதன் அடியில் ஒரு பழைய துண்டை விரித்தாள், உரசி கீறல் விழாமல் இருக்க. வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து முழங்கையால் சூடு பார்த்தாள்.

"கொழந்தையைக் குளிப்பாட்டற சூடுதான் இருக்கணும். கொதிக்கற தண்ணி ஊத்துனா பாலிஷ் தோலு மாதிரி உரிஞ்சி வரும். எங்க லேபுல ஒருத்தி அப்படித்தான் ஒரு மெஷின் மூடியக் கெடுத்தா."

இரண்டு ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்துவிட்டு, வாய் வைக்கிற பகுதியைத் தனியாக எடுத்துவிட்டு, டிரம்பெட்டை மெதுவாகப் படுக்க வைத்தாள். இனி இருபது நிமிடம் யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு.

ஐந்தாவது நிமிடமே என் கை ஸ்பானருக்குப் போனது. மாவுக் கையாலேயே ஒரு அடி விழுந்தது. ஊறி முடித்ததும் வெறும் விரலாலேயே மேல் மூடிகள் திருகி வந்தன. பொத்தானோடு சேர்ந்த முதல் வால்வு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது மட்டும் வீம்பு பிடித்தது. மறுபடி தண்ணீருக்குள் வைத்தாள். நான் ஆஞ்சநேயரிலிருந்து மாரியம்மன் வரை எல்லோரையும் வேண்டிக்கொண்டேன். ஷாம்பு கேட்டது. வந்துவிட்டது.

மகளுடைய பழைய பால்புட்டி பிரஷ்ஷை விட்டுக் குழாய்களுக்குள் தேய்த்தோம். முதலில் சந்தனச் சேறு வந்தது. பிறகு சிவப்புத் தண்ணீர். பிறகு பச்சையாக ஒரு பாசி. கடைசியாக ஏதோ துகள் துகளாக வந்தது. அவள் ஒரு துகளை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது இன்னாது, மசால்வடையா?"

"ரிகர்சல்ல டீ டைம்ல…"

"வாய் கொப்புளிக்காமயே ஊதுவீங்களா? ரெண்டு வருசத்து டிபன் இதுக்குள்ளதான் கீது."

நல்ல தண்ணீர் விட்டு அலசிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"அம்மா" என்று ஒரு குரல்.

மாமனார் ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிட்டார். நான் டப்பைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். துண்டில் ஒழுங்காக வரிசைப்படுத்தி வைத்திருந்த மூன்று வால்வுகளையும் வாரி லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டேன். மாமனார் உள்ளே வந்து, வேறு இடமே இல்லாததுபோல, அந்தக் கட்டில்மேலேயே உட்கார்ந்தார். அவர் காலுக்கும் டப்புக்கும் நடுவில் ஒரு ஜாண் இருந்தது. என் இடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பொட்டி?" என்றார்.

"இருக்குது மாமா. மொதல்ல குளிச்சிட்டு வாங்க."

"காலைலயே குளிச்சிட்டேன்."

"ரயில்ல வந்திருக்கீங்கப்பா" என்று மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "பண்டிக நாளு. இன்னொரு வாட்டி குளிங்க. வெந்நி இருக்குது."

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் லுங்கியைப் பார்த்தார். எழுந்து குளிக்கப் போனார்.

எனக்கு அதற்குமேல் ஒரு நிமிடமும் கிடையாது. மஞ்சள் துணியால் உள்ளும் புறமும் ஈரம் போகத் துடைத்தோம். எண்ணெய் பாட்டிலின் சீலை உடைத்து, ஒவ்வொரு வால்வுக்கும் சில துளி விட்டேன். மனைவி முன்பக்கம் இருந்த பெரிய வளைகுழாயைத் தட்டிக் காட்டினாள்.

"இந்த வளைவையும் உருவிக் கழுவுங்க. இதுலதான் எல்லாம் தங்கும்."

"டைட்டா இருக்கு. டைம் இல்ல. அதான் தண்ணி விட்டோமே, போதும்."

அவள் ஏதோ சொல்ல வந்து, தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் வால்வுகளைப் போட்டு மூடி முறுக்கி, மூன்று பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். வெண்ணெய்போல இறங்கி ஏறின. வாயில் வைத்து ஊதினேன். காற்றே போகவில்லை. கன்னம் உப்பி, கண் பிதுங்கி, காது அடைத்ததுதான் மிச்சம். இன்னும் பலமாக ஊதினேன். சுவரை ஊதுவதுபோல இருந்தது. மாமனாருக்குப் பல்செட் வெளியே வந்ததென்றால் எனக்கு மொத்தத் தலையும் வந்துவிடும் போலிருந்தது.

குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது.

"நெம்பரு பாருங்க" என்றது குளியலறைக் கதவு.

வால்வுகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வால்விலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பொடியாக எண் வெட்டியிருந்தது. நான் ஒன்றாம் இடத்தில் மூன்றைப் போட்டிருந்தேன். அதனதன் வீட்டில் அதைக் குடிவைத்ததும் சத்தம் கணீரென்று வந்தது. பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது.

மாமனார் தலை துவட்டிக்கொண்டு வந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"வாராவாரம் இப்படித்தான் மாமா. பிரிச்சிக் கழுவி, எண்ண உட்டு வெச்சிடுவேன்."

சமையலறையில் யாருக்கோ இருமல் வந்தது. மாமனார் பெட்டியிலிருந்து எண்ணெய் பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வாராவாரம் செலவான எண்ணெய் கழுத்தைவிட்டு ஒரு நூல்தான் இறங்கியிருந்தது. பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வடை சாப்பிடப் போனார்.

சாயங்காலம் அம்மன் புறப்பட்டபோது நான் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கான்வாஸ் ஷூவோடு முன்வரிசையில் நின்றேன். சொல்ல வெட்கமில்லை, நன்றாகவே வாசித்தேன். இரண்டு வருடம் ரிகர்சலில் நான் ஊதியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இத்தனை நாளும் என் வாசிப்பு சுமார் என்றுதான் நானும் மற்றவர்களும் நினைத்திருந்தோம். பாதி மசால்வடையின் குற்றம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரே ஒரு இடத்தில் சறுக்கினேன். அதையும் ஜனங்கள் புது ஸ்டைல் என்று நினைத்துத் தலையாட்டினார்கள். மூச்சு விடும்போதெல்லாம் லேசாகச் சந்தன மணம் வந்தது. அம்மன் மேலிருந்து வருவதாக எல்லோரும் நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

முதல் உருப்படி முடிந்து தெருமுனையில் நின்றோம். ஊதுகிறவர்கள் குழாயில் சேர்ந்த ஈரத்தை அப்போது வெளியேற்றுவோம். அந்தப் பெரிய வளைகுழாயின் அடியில் அதற்கென்று ஒரு சின்ன மூடி இருக்கும். அதை அழுத்தி ஊதினேன். சிவப்பாக நாலு சொட்டு என் வெள்ளை ஷூவின்மேல் விழுந்தது.

"ஐயோ, அண்ணனுக்கு ரத்தம்!" என்று பக்கத்திலிருந்த டிரம்காரர் கத்தினார்.

"ஒண்ணுமில்லப்பா, ஈறுல லேசா…"

"ஈறு கிழியறாப்பல யாராவது ஊதுவாங்களா? இன்னா பக்திண்ணே உனக்கு!"

ஒருவர் சோடா கொண்டுவந்தார். ஒரு அம்மாள் விபூதி கொண்டுவந்து என் நெற்றியில் இட்டார். நான் தியாகி முகத்தோடு நிமிர்ந்தேன். எதிரே டீக்கடை ஓரத்தில் மாமனார் நின்றிருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிடும்போது மனைவி கேட்டாள், "எப்படிப்பா இருந்துச்சு?"

"சத்தம் வந்துச்சு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "காலைல ஸ்டேஷனுக்கு வரும்போது பொட்டியையும் எடுத்துக்கினு வாங்க மாப்ள."

அவர் ரயில் சகலை இருக்கிற பங்காருப்பேட்டையில் நின்றுதான் போகும்.

காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது மனைவி வாசலில் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "குடுத்துட்டு வந்துடுங்க. பிளாட்பாரத்துல அழுது வெக்காதீங்க" என்றாள். அவள் கண்தான் கலங்கியிருந்தது.

கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்ததும் மாமனார் பெட்டியை வாங்கி மடியில் வைத்துத் திறந்தார். டிரம்பெட்டை எடுத்து, நான் டைட்டு என்று விட்டுவிட்ட அந்த வளைகுழாயை இரண்டு கையாலும் பிடித்து, அவசரமே இல்லாமல் லேசாக ஆட்டி ஆட்டி இழுத்தார். கழன்று வந்தது. உள்ளே பார்த்தார். மஞ்சள் துணியைச் சுருட்டி நுழைத்து எடுத்தார். துணி சிவப்பாக வந்தது; மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அந்தச் சிவப்பு வெளியே தெரியாதபடி துணியை மடித்தார், சகலையைப் போல நாலாக. டப்பியைத் திறந்து கிரீஸை மெலிதாகத் தடவி, குழாயைப் பழையபடி செருகினார். எல்லாவற்றையும் வைத்துப் பெட்டியை மூடினார்.

நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ரயில் வந்துவிட்டது. அவர் தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். பெட்டி பெஞ்சிலேயே இருந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன்.

"மாமா, பொட்டிய உட்டுட்டீங்களே! பெரிய மாப்ளைக்குத்தானே?"

அவர் ஒரு தடவை சிவப்புக் கறை போகாத என் ஷூவைக் குனிந்து பார்த்தார். ரயில் நகர்ந்தது.

"அடுத்த வருசம் சந்தனத்தப் பொட்டி மேல வைங்க."